பயமுறுத்தினால் பழக்கம் மாறுமா? அதிர்ச்சி விளம்பரங்கள் பற்றி ஒரு கேள்வி

தூரிகை

வணக்கம் நண்பர்களே. புகையிலையை விட நினைப்பவர்களுக்கு உதவும் ஒரு சிறிய தன்னார்வக் குழுவுக்குச் சுவரொட்டி வரைந்து கொடுக்கிறேன். கையில் இரண்டு மாதிரிகள் இருக்கின்றன.

முதலாவதில் ஒரு கழுத்து மட்டும்தான். புற்றுநோயால் குரல்வளையை எடுத்தபின் மூச்சுவிட வைத்த துளை, அதன் சிவந்த ஓரம், பக்கத்தில் புகையும் ஒரு சிகரெட். கீழே ‘அடுத்தது நீ’ என்று இரண்டே சொற்கள். இரண்டாவதில் ஒருவர் கண்ணாடி முன் நின்று, அந்தத் துளையில் பொருத்தும் குழாயைச் சின்ன பிரஷ்ஷால் கழுவிக்கொண்டிருக்கிறார். அழுகை, வலி எதுவும் முகத்தில் இல்லை. தினமும் செய்கிற வேலையைச் செய்கிற முகம். கீழே உதவி எண்.

குழுவில் பாதிப் பேர் முதலாவதைத்தான் கேட்கிறார்கள். பார்த்தவுடன் வயிறு கலங்கினால்தான் கையில் இருப்பதைக் கீழே போடுவான் என்பது அவர்கள் வாதம். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் ‘பார்க்க நன்றாக இல்லை’ என்று மட்டும் சொல்லி ஒரு கூட்டத்தில் யாரையும் ஏற்க வைக்க முடியாது. இதில் அனுபவம் உள்ளவர்கள், படித்தவர்கள் சொல்லுங்கள். அதிர்ச்சி வேலை செய்கிறதா?

நேர்கோடு

செய்கிறது. முதலாவதையே ஒட்டுங்கள்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1989 டிசம்பரில் விபத்து இழப்பீட்டு ஆணையம் சாலை விபத்து விளம்பரங்களைத் தொடங்கியது. மருத்துவமனையில் ரத்தம், கதறும் தாய், குடித்துவிட்டு ஓட்டிய பையன் என்று எதையும் மறைக்கவில்லை. குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் நீ ஒரு முட்டாள் என்று முகத்துக்கு நேராகத் திட்டினார்கள். 1989இல் அங்கே சாலையில் இறந்தவர்கள் 776 பேர். 1992இல் 396 பேர். மூன்றே வருடத்தில் கிட்டத்தட்டப் பாதி.

சிகரெட் பெட்டியில் படம் போடும் முறையை 2001இல் கனடா நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதற்குப்பின் எத்தனையோ நாடுகள் அதைப் பின்பற்றின. பயன் இல்லாமலா செய்தார்கள்? உங்கள் குழுவில் கேட்பவர்கள் சரியாகத்தான் கேட்கிறார்கள். நாகரிகம் பார்த்துக்கொண்டிருந்தால் ஆட்கள் செத்துக்கொண்டேதான் இருப்பார்கள்.

கூட்டல்கழித்தல்

நேர்கோடு சொன்ன எண்கள் சரி. ஆனால் அதே மாதங்களில் விக்டோரியாவில் வேறு இரண்டும் நடந்தன. சாலையில் பேருந்து மாதிரி பெரிய வண்டிகளை நிறுத்தி, வருகிறவர்களை ஊதச் சொல்லும் சோதனையைத் தீவிரமாக்கினார்கள். வேகத்தைப் படம்பிடிக்கும் கேமராக்களும் வந்தன. விளம்பரத்தைப் பார்த்தவன் அடுத்த திருப்பத்தில் போலீஸையும் பார்த்தான். இறப்பு குறைந்ததில் விளம்பரத்தின் பங்கு எவ்வளவு, சோதனையின் பங்கு எவ்வளவு என்று ஆய்வாளர்கள் வெகுகாலம் வாதாடினார்கள். விளம்பரத்துக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. மொத்தப் பெருமையையும் ரத்தக் காட்சிக்குக் கொடுக்க முடியாது, அவ்வளவுதான்.

தூரிகை, உங்கள் கேள்விக்குப் பழைய ஆய்வு ஒன்று கிட்டத்தட்ட நேரடியாகவே பதில் சொல்கிறது. 1965இல் உளவியலாளர் ஹோவர்ட் லெவெந்தாலும் கூட இருந்தவர்களும் யேல் பல்கலைக்கழக மாணவர்களிடம் டெட்டனஸ் பற்றிய துண்டு நூல்களைக் கொடுத்தார்கள். ஒரு வகை நூலில் கோரமான விவரங்களும் படங்களும். இன்னொன்றில் அதே செய்தி மென்மையாக. கோரமான நூலைப் படித்தவர்கள் அதிகம் பயந்தார்கள், ‘கட்டாயம் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்’ என்று அதிகம் சொன்னார்கள். ஆனால் போய்ப் போட்டுக்கொண்டார்களா என்று பார்த்தால், சுமார் 3 சதவீதம் பேர்தான்.

அப்புறம் சிலருக்கு மட்டும் கூடுதலாக ஒன்றைச் செய்தார்கள். வளாகத்தின் வரைபடத்தில் சுகாதார மையத்தை வட்டமிட்டுக் காட்டி, ஊசி போடும் நேரத்தைக் குறிப்பிட்டு, ‘உன் வாரத்தில் எந்த நேரம் போக முடியும் என்று பார்’ என்று கேட்டார்கள். கடைசி வருட மாணவர்களுக்கு அந்த மையம் எங்கே இருக்கிறது என்று தெரியாமலா இருந்திருக்கும்? இருந்தாலும் அவர்களில் சுமார் 28 சதவீதம் பேர் போனார்கள். அதிகப் பயமா குறைந்த பயமா என்பது போனவர்களின் எண்ணிக்கையைப் பெரிதாக மாற்றவில்லை. பயமே ஊட்டாமல் வரைபடம் மட்டும் கொடுத்தவர்களும் போகவில்லை. கொஞ்சம் பயமும் வேண்டும், போகிற வழியும் வேண்டும்.

உங்கள் முதல் மாதிரியில் வழி எங்கே இருக்கிறது? ‘அடுத்தது நீ’ என்பதைப் படித்தவன் அடுத்து என்ன செய்ய வேண்டும்?

இரவுப்பணி

நான் காது மூக்கு தொண்டைப் பிரிவில் செவிலியர். தூரிகை சொல்லும் அந்தத் துளையைத் தினமும் சுத்தம் செய்கிறவள்.

புகைப்பவர்கள் பெட்டியில் இருக்கும் படத்தை என்ன செய்கிறார்கள் என்று நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். சிலர் பெட்டியைக் கவிழ்த்து வைப்பார்கள். சிலர் தகரப் பெட்டிக்கு மாற்றிக்கொள்வார்கள். வாய் அழுகிய படம் வந்தால் வேண்டாம், வேறு படம் உள்ளதைக் கொடு என்று கேட்டு வாங்குவதாக ஒருவர் என்னிடமே சொன்னார். பயப்படாமல் இல்லை, நன்றாகவே பயப்படுகிறார்கள். பயத்தைக் குறைக்க இரண்டு வழி இருக்கிறது. ஒன்று புகையை விடுவது, இன்னொன்று படத்தைப் பார்க்காமல் இருப்பது. இரண்டாவது சுலபம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இது யாருக்கும் தோன்றுவதில்லை. கழுத்தில் துளையோடு வாழ்கிறவர்களும் தெருவில் நடக்கிறார்கள். அவர்களும் அந்தச் சுவரொட்டியைப் பார்ப்பார்கள். அறுவை முடிந்து வீட்டுக்குப் போகத் தயாராக இருந்த ஒருவர், பேச முடியாததால் பலகையில் எழுதிக் காட்டினார்: ‘பேத்தி என்னைப் பார்த்துப் பயப்படுவாளா?’ அவருடைய கழுத்தைக் காட்டி ஊரையே பயமுறுத்தினால், அந்தப் பிள்ளைக்கு நாம் என்ன கற்றுக்கொடுக்கிறோம்? மகளை வரவழைத்து, துண்டை எப்படிக் கட்டுவது, குழாயை எப்படிக் கழற்றுவது, பிள்ளைக்கு எப்படிக் காட்டுவது என்று ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தோம்.

எனக்கு இரண்டாவது மாதிரிதான் பிடித்திருக்கிறது. அது உண்மை. காலையில் எழுந்தவுடன் அதைத்தான் செய்கிறார்கள்.

அலைவரிசை

இரவுப்பணி அக்கா சொன்னது பெரிய அளவில் ஏற்கெனவே நடந்திருக்கிறது. 1987இல் ஆஸ்திரேலியாவில் எய்ட்ஸ் பற்றி ஒரு தொலைக்காட்சி விளம்பரம் வந்தது. கையில் அரிவாளோடு சாவு ஓர் உருவமாக வந்து, கட்டைகளைச் சாய்க்கும் பௌலிங் விளையாட்டில்போலப் பந்தை உருட்டும். பந்து பட்டு விழுவது கட்டைகள் இல்லை, மனிதர்கள். ஆண், பெண், சின்னப் பெண் குழந்தை, கைக்குழந்தையோடு ஒரு தாய் எல்லோரும் சரிந்து விழுவார்கள். நாடே அதைப் பற்றித்தான் பேசியது. குழந்தைகள் தூக்கத்தில் அலறினார்கள்.

நோய் யாருக்கும் வரலாம் என்பதுதான் அவர்கள் சொல்ல வந்தது. ஆனால் பார்த்தவர்களில் பலர் அந்தச் சாவு உருவத்தை ஏற்கெனவே நோய் வந்தவர்களோடும், ஓரினச்சேர்க்கை ஆண்களோடும் சேர்த்துப் பார்த்தார்கள். சாவு வருகிறது என்று காட்டினால், அது யார் உருவில் வருகிறது என்று மனம் தேடும். அப்போது கண்ணில் படுவது நோயாளிதான்.

2007இல் இத்தாலியில் இன்னொன்று. உடல் மெலிந்து எலும்பாகிப்போன இசபெல் காரோ என்ற நடிகையை ஆடையில்லாமல் படம் எடுத்துப் பெரிய பலகைகளில் வைத்தார்கள். எடுத்தவர் ஒலிவியேரோ டொஸ்கானி. பசியை அடக்கி உடலை அழித்துக்கொள்ளும் அந்த நோய்க்கு எதிரான விழிப்புணர்வு என்றார்கள். அந்த நோயாளிகளோடு வேலை செய்கிறவர்கள் எதிர்த்தார்கள். ஏனென்றால் நோயின் பிடியில் இருக்கும் பெண் அந்த எலும்பைப் பார்த்து அஞ்சமாட்டாள், தானும் அப்படி ஆக வேண்டும் என்று பொறாமைப்படுவாள். இத்தாலிய விளம்பர ஒழுங்கு அமைப்பு அதைத் தடை செய்தது. காரோ 2010இல், 28 வயதில் இறந்துபோனார்.

நோயில்லாத நமக்குக் கோரமாகத் தெரிவது நோயுள்ளவருக்கு எப்படித் தெரியும் என்று முதலில் அவர்களிடம் கேட்க வேண்டும்.

நேர்கோடு

நீங்கள் எல்லோரும் தோற்றுப்போனவற்றை மட்டுமே அடுக்குகிறீர்கள். அமெரிக்காவில் 2012 முதல் நோய்க் கட்டுப்பாட்டு மையம் நடத்திய விளம்பரங்களைச் சொல்லுங்கள். முன்னாள் புகைப்பவர்களே வந்து பேசினார்கள். டெர்ரி ஹால் என்ற பெண் காலையில் தயாராவது எப்படி என்று சொல்வார். பல்லை எடுத்து மாட்டுவார், விக்கை வைப்பார், கழுத்துத் துளையில் கருவியைப் பொருத்தித் துணியைச் சுற்றுவார். அந்தக் குரலைக் கேட்டால் இரவு தூக்கம் வராது. 2018 வரை 1 கோடியே 64 லட்சம் பேர் புகையை விட முயன்றார்கள், சுமார் 10 லட்சம் பேர் விட்டார்கள் என்று அந்த மையமே மதிப்பிட்டிருக்கிறது. இது அதிர்ச்சி இல்லையென்றால் வேறு எது அதிர்ச்சி?

கூட்டல்கழித்தல்

நல்ல உதாரணம். அதிர்ச்சியேதான், மறுக்கவில்லை. ஆனால் அதில் என்னவெல்லாம் சேர்ந்திருந்தது என்று பாருங்கள். பேசுகிறவர் தன் கதையைத் தானே சொல்கிறார். ‘நீ செத்தாய்’ என்று யாரும் விரலை நீட்டவில்லை. திரையில் இலவச உதவி எண் வருகிறது, கூப்பிட்டால் விட உதவுகிற ஆள் பேசுகிறார். விளம்பரம் வந்த வாரங்களில் அந்த எண்ணுக்கு அழைப்புகள் கூடின. டெட்டனஸ் மாணவர்களுக்குக் கொடுத்த வரைபடத்தின் வேலையை அந்த எண் செய்தது.

உங்கள் பக்கத்துக்கு இன்னொரு ஆதாரமும் நானே தருகிறேன். 2015இல் 127 ஆய்வுக் கட்டுரைகளை, 27,000க்கும் மேற்பட்டவர்களின் தரவை ஒன்றாக அலசினார்கள். பயமூட்டும் செய்திகள் பொதுவாக வேலை செய்கின்றன என்பதே முடிவு. என்ன செய்யலாம், அது உன்னால் முடியும் என்பதையும் சேர்த்துச் சொன்னால் பலன் கூடுகிறது. ஒரு தடவை செய்தால் போதும் என்கிற காரியத்தில், உதாரணமாக ஊசி, பரிசோதனை ஆகியவற்றில், இன்னும் நன்றாக வேலை செய்கிறது. தினமும் திரும்பத் திரும்ப எதிர்த்து நிற்க வேண்டிய பழக்கங்களில் அந்த அளவுக்கு இல்லை. புகை எந்த வகை என்று சொல்லத் தேவையில்லை.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. இஸ்ரேலில் 1999இல் வெளியான ஆய்வில் இளம் ராணுவ வீரர்களுக்குச் சாவை நினைவூட்டிவிட்டு, ஓட்டும் பயிற்சிக் கருவியில் உட்கார வைத்தார்கள். ஓட்டுவதையே தங்கள் பெருமையாக நினைத்தவர்கள் சாவை நினைத்தபின் இன்னும் வேகமாக ஓட்டினார்கள். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் 2005இல் தொடங்கிய, மெத் என்ற போதைப்பொருளுக்கு எதிரான விளம்பரங்கள் பார்க்கவே முடியாத அளவுக்குக் கோரம். பயன்பாடு குறைந்தது என்று பெருமையாகச் சொன்னார்கள். 2010இல் ஓர் ஆய்வு, அது விளம்பரத்துக்கு முன்பே குறைந்துகொண்டிருந்தது, அதைக் கழித்துப் பார்த்தால் விளம்பரத்தால் பெரிய மாற்றம் இல்லை என்று காட்டியது.

தகரப்பெட்டி

இரவுப்பணி சொன்ன ஆள் நான்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினெட்டு வயதில் தொடங்கி, நாற்பதை நெருங்கும்போது விட்டவன்.

கோரப் படத்தைப் பார்த்தால் என் உடம்பில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். நெஞ்சு படபடக்கும். கை நடுங்கும். அந்தப் படபடப்பை அடக்க எனக்குத் தெரிந்த ஒரே மருந்து ஒரு சிகரெட். புகைக்காதவர்களுக்கு இது புரியவே புரியாது. பயம் வந்தால் புகைப்பவன் புகைப்பான்.

விடுவதற்கு உதவியது பயமும்தான், பொய் சொல்ல மாட்டேன். இருமலில் ரத்தம் வந்த அன்று பயந்தேன். ஆனால் அன்று மாலையே ஒரு மருத்துவர் முன் உட்கார்ந்திருந்தேன். ‘முதல் மூன்று நாள்தான் மோசம், நிக்கோடின் பட்டையைத் தோலில் ஒட்டிக்கொள்ளுங்கள், எரிச்சல் வந்தால் இந்த எண்ணுக்குப் பேசுங்கள்’ என்றார். பயத்துக்குப் பின்னால் ஒரு நாற்காலியும் ஒரு மனிதரும் இருந்ததால்தான் பிழைத்தேன். அதற்கு முன் பல வருடங்கள் பயம் மட்டும் இருந்தது. அப்போதெல்லாம் கூடுதலாகப் புகைத்தேன்.

நிர்வாகி

விவாதம் நன்றாகப் போகிறது. ஒரே ஒரு குறிப்பு. தற்கொலைத் தடுப்புக்கும் இதே முறையைப் பயன்படுத்தலாமா என்று ஒருவர் தனிமடலில் கேட்டார். கூடாது. அங்கே அதிர்ச்சிக் காட்சியே ஆபத்து. முறையைக் காட்டக் கூடாது, விவரிக்கக் கூடாது, பரபரப்பாக்கக் கூடாது, உதவி கிடைக்கும் இடத்தைச் சொல்ல வேண்டும் என்று ஊடகங்களுக்கு உலக சுகாதார நிறுவனமே வழிகாட்டியிருக்கிறது. அந்தத் திசையில் இந்த இழை போக வேண்டாம்.

முதல்வரைவு

விளம்பர நிறுவனங்களில் வேலை பார்த்தவன். அறைக்குள் நடப்பதைச் சொல்கிறேன்.

சமூக விளம்பரம் என்றால் பல இடங்களில் காசு வாங்காமல் செய்வார்கள். அதற்குப் பதிலாக எதிர்பார்ப்பது விருது. நடுவர்கள் ஒரு நாளில் நூற்றுக்கணக்கான வேலைகளைப் பார்ப்பார்கள். அவர்களை நிறுத்திப் பார்க்க வைக்க அதிர்ச்சிதான் குறுக்கு வழி. பழக்கத்தை விடப்போகிற ஆளை யாரும் அந்த அறைக்குக் கூப்பிடுவதில்லை. 2009இல் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான டபிள்யூடபிள்யூஎஃப் பெயரில் பிரேசிலில் ஒரு விளம்பரம் தயாரானது. மன்ஹாட்டன் கட்டடங்களை நோக்கிப் பத்துப் பத்தாக விமானங்கள் பறந்து வரும். சுனாமியின் இறப்பு எண்ணிக்கையை 2001 செப்டம்பர் 11 தாக்குதலோடு ஒப்பிட்டிருந்தார்கள். ஊர் கொதித்தது, அந்த அமைப்பே கண்டித்தது, கிடைத்த விருதும் போனது. இயற்கையைக் காப்பது பற்றி அன்று யாரும் பேசவில்லை.

எதிர்ப்பு அதிகமாக வந்தால் விளம்பரம் வென்றது என்று எங்கள் தொழிலில் ஒரு நம்பிக்கை உண்டு. பிரிட்டனில் 2007இல் புகைப்பவர்களின் கன்னத்தில் தூண்டில் முள் குத்தி இழுப்பதுபோல ஒரு விளம்பரம் வந்தது. 774 புகார்கள். அந்த வருடம் அதிகம் புகார் வாங்கியது அதுதான். சுவரொட்டிகள் குழந்தைகளை அச்சுறுத்தக்கூடியவை என்று விளம்பரத் தர ஆணையம் தீர்ப்பளித்தது. நல்ல நோக்கம் இருந்தால் எதையும் காட்டலாம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சுவரொட்டிக்கு வயது பார்த்து ஆளை விலக்கத் தெரியாது.

இனி மாற்று. 2007இல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் வேகமாக ஓட்டும் பையன்களைப் பார்த்துப் பெண்கள் சுண்டு விரலை ஆட்டிக் காட்டுவார்கள், உன் ஆண்மை இவ்வளவுதான் என்று கேலி செய்யும் சைகை அது, அவ்வளவுதான் விளம்பரம். ரத்தம் இல்லை, சாவும் இல்லை. பையன்களின் பெருமையையே குறிவைத்தார்கள். கூட்டல்கழித்தல் சொன்ன இஸ்ரேல் ஆய்வோடு சேர்த்துப் பாருங்கள், எவ்வளவு சரியாகக் கணித்திருக்கிறார்கள் என்று புரியும். 2010இல் இங்கிலாந்தின் சசெக்ஸில் சீட் பெல்ட்டுக்காக எடுத்த குறும்படத்தில் வண்டியே இல்லை. வீட்டுக் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து ஒருவர் ஓட்டுவதுபோல நடிப்பார். மோதப்போகும் கணத்தில் மகள் ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொள்வாள், மனைவி தோளோடு அணைப்பாள். இரண்டு பேரின் கைகளும் பெல்ட்டாகிவிடும். ஒரு சொட்டு ரத்தம் இல்லாமல் உலகம் முழுக்கச் சுற்றியது.

ஓரப்பாதை

இவ்வளவு பேர் பேசியும் ஒன்று வரவில்லை. என் தம்பி சாலை விபத்தில் போனான். பாட்டு ஒன்றைத் தேடி போனைத் திறந்தால், கேட்காமலே ஒரு விபத்து விளம்பரம் ஓடும். நொறுங்கும் கண்ணாடிச் சத்தம் முதலில் வரும். அடுத்த அரை மணி நேரம் நான் எதற்கும் லாயக்கில்லை. எனக்கு அந்தப் பாடம் தேவையும் இல்லை, நான் ஏற்கெனவே படித்துவிட்டேன். இப்படி எத்தனை வீடுகள் இருக்கும்? தொடங்கும் முன் இரண்டு நொடி எச்சரிக்கை போட்டால் யாருடைய விளம்பரமும் கெட்டுப்போகாது.

நேர்கோடு

ஓரப்பாதை, உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன் அக்கா. எச்சரிக்கை போட வேண்டும் என்பதை முழுமையாக ஏற்கிறேன். அதற்கு யாரும் எதிர்ப்புச் சொல்ல முடியாது.

ஆனாலும் எல்லாவற்றையும் மென்மையாக்கிவிட்டால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள் என்ற என் கவலை போகவில்லை. 1992இல் பெனட்டன் என்ற ஆடை நிறுவனம், எய்ட்ஸால் இறந்துகொண்டிருந்த டேவிட் கிர்பியின் படத்தை விளம்பரமாக்கியபோது எவ்வளவு எதிர்ப்பு! ஆனால் படத்தைக் கொடுக்கச் சம்மதித்ததே அவருடைய குடும்பம்தான். பெனட்டன் எங்களைப் பயன்படுத்தவில்லை, நாங்கள்தான் பெனட்டனைப் பயன்படுத்தினோம் என்று அவர் தந்தையே சொன்னார். பாதிக்கப்பட்டவர்களே உலகம் பார்க்க வேண்டும் என்றால், கண்ணை மூடிக்கொள் என்று சொல்ல நாம் யார்?

இரவுப்பணி

இதில் உங்களோடு நிற்கிறேன் நேர்கோடு. அவர்கள் கேட்டால் காட்ட வேண்டும். தூரிகை, அந்தக் கழுத்துப் படம் யாருடையது? அவரிடம் கேட்டீர்களா?

தூரிகை

எல்லோருக்கும் நன்றி. இதையெல்லாம் எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போனேன். அக்கா கேட்டதைத்தான் முதலில் கேட்டேன். முதல் மாதிரியில் இருப்பது படவங்கியில் காசு கொடுத்து வாங்கிய படம். யாருடையது என்று யாருக்கும் தெரியாது. அது தெரிந்தபின் அறையில் பேச்சே மாறிவிட்டது.

இரண்டாவதில் இருப்பவர் குழுவோடு பழக்கமானவர். அவரையே வரவழைத்தோம். தொண்டையில் கருவியை வைத்துப் பேசுகிறார். தன் முகத்தைக் காட்டலாம், குழாயைக் கழுவுவதையும் காட்டலாம் என்றார். கழுத்தை மட்டும் வெட்டித் தனியாகப் போடக் கூடாது என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை. மேலே என்ன எழுதலாம் என்றதற்கு, நான் எத்தனை தடவை விட முயன்றேன் என்பதை எழுதுங்கள், முதல் தடவையே முடியாமல் போனவர்கள்தான் அதிகம் என்றார். உதவி எண்ணைப் பெரிதாக, எழுத்தைச் சிறிதாகப் போடச் சொன்னார்.

முதல் மாதிரி கைவிடப்பட்டது. ஆனால் முழு ஒப்புதல் இல்லை. இருவர், இது யாரையும் நிறுத்தாது என்று இன்னமும் சொல்கிறார்கள். இரண்டு மருத்துவமனைகளில் ஒட்டி, அந்த எண்ணுக்கு வரும் அழைப்புகளை ஒட்டும் முன்னும் பின்னும் எண்ணிப் பார்க்கலாம் என்று முடிவாகியிருக்கிறது.

கூட்டல்கழித்தல்

எண்ணுவது நல்லது. ஒட்டாத ஒரு மருத்துவமனையையும் சேர்த்து எண்ணுங்கள். இல்லாவிட்டால் மொன்டானா கதைதான். அழைத்தவர்களிடம் எங்கே பார்த்தீர்கள் என்று ஒரு கேள்வியும் கேட்கச் சொல்லுங்கள்.

தகரப்பெட்டி

அந்த எண்ணை எத்தனை மணி வரை எடுப்பார்கள்? எனக்கு எப்போதும் இரவு பத்துக்கு மேல்தான் தாங்க முடியாமல் போகும். ஆறு மணிக்கு மூடுகிற எண் என்றால் சுவரொட்டியிலேயே நேரத்தையும் போட்டுவிடுங்கள். கூப்பிட்டு யாரும் எடுக்காவிட்டால் மறுபடி கூப்பிடமாட்டான்.

தூரிகை

இப்போது மாலை ஐந்து வரைதான். இரவு நேரத்துக்குத் தன்னார்வலர்கள் கிடைப்பார்களா என்று கேட்டிருக்கிறேன். அது முடிவாகும் வரை அச்சுக்கு அனுப்பவில்லை.

இரவுப்பணி

எனக்கு வாரத்தில் இரண்டு இரவு ஓய்வு. தனிமடலில் விவரம் அனுப்புங்கள் தம்பி.